பிரேக் பிடிக்க ஒரு சாலை தேடி

“ஆடுறது வண்டி இல்லம்மா. உங்கப்பா கால்.”

ரகுநாதன் சார் இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. உடம்பு முடியாத ஒருவரைப் பற்றி அவர் வீட்டாரிடம் பேசும் பரிவுதான் இருந்தது. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பரிவுக்கு என்ன பதில் சொல்வது?

ராஜா அண்ணாமலைபுரத்தில் அவர் வீடு. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பா ஏழுமலை பதினான்கு வருடமாக அவரிடம் டிரைவர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். அவர் அப்பாவை ‘நீ’ என்பார், அப்பா அவரை ‘சார்’ என்பார்.

சில மாதங்களாக அந்த வண்டியில் ஒரு கோளாறு. பிரேக்கை லேசாகத் தொட்டால் ஒன்றும் தெரியாது. வேகத்தில் அழுத்திப் பிடித்தால் வண்டி உதறும். தி. நகரில் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த ஊழியர் வண்டியை இரண்டு தெரு சுற்றி ஓட்டிப் பார்த்தார். தி. நகரில் பகல் நேரத்தில் எந்த வண்டியும் முப்பதைத் தாண்டாது. முப்பதில் அந்த நடுக்கம் வராது. “ஏபிஎஸ் இருக்குற வண்டில பெடல் உதைக்கத்தான் செய்யும் சார். டிரைவருக்கு வயசாயிட்டா கால் நடுக்கத்துல இன்னும் ஜாஸ்தியாத் தெரியும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். வண்டியின் நோய் அன்றைக்கு அப்பாவின் நோயானது. மாதக் கடைசி வரைக்கும் வரட்டும், பிறகு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார் சார்.

வேலை போவதைவிட, எந்தக் காரணம் சொல்லி அனுப்புகிறார்கள் என்பதுதான் பெரிது. அந்தப் பக்கத்தில் ஒரு டிரைவரைப் பற்றிய செய்தி வாட்ச்மேனிடமிருந்து வாட்ச்மேனுக்கு ஒரே நாளில் போய்விடும். ‘கால் நடுங்குகிறவர்’ என்று பெயர் எடுத்தவரிடம் யாரும் சாவியைக் கொடுக்கமாட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, மாலை வகுப்பில் பி.இ. படித்தேன். திருமுடிவாக்கத்தில் இரும்புப் பாகங்கள் செய்யும் ஆலையில் தரப்பரிசோதனைப் பிரிவில் வேலை. மயிரிழை கனம் கூடினாலும் குறைந்தாலும் ஒதுக்கி வைப்பது என் பொறுப்பு. என் கையெழுத்து இல்லாமல் அங்கிருந்து ஒரு பெட்டி வெளியே போகாது. அப்படிப்பட்டவளிடம் இரண்டு தெரு ஓட்டிப் பார்த்த ஒருவரின் தீர்ப்பைச் சொன்னார்கள்.

“ஒரு ஞாயித்துக்கிழமை காலை குடுங்க சார்” என்றேன். “கால்தான்னு தெரிஞ்சா நானே அவரக் கூட்டிட்டுப் போயிடறேன். மாசக் கடைசி வரைக்கும் நீங்க பொறுத்துக்க வேணாம்.”

சிறிது யோசித்துவிட்டு, வாக்கிங் போவதற்குப் பதிலாக வருவதாக ஒப்புக்கொண்டார்.

இமயமலைக்கும் அந்தமானுக்கும் போய்வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் எழுதுவது ராஜா அண்ணாமலைபுரத்தில் புறப்பட்டு ராஜா அண்ணாமலைபுரத்திலேயே முடிந்த பயணம். வண்டியின் மீட்டர் கணக்குப்படி முப்பத்திரண்டு கிலோமீட்டர். ஆனாலும் எனக்கு அது புது ஊர்தான். பதினான்கு வருடமாக அப்பா துடைத்துவைக்கும் அந்த வண்டிக்குள் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல்முறை.

*

காலை ஐந்தரை. சைதாப்பேட்டை பஸ் நிறுத்தம்.

“உனக்கு இன்னாத்துக்கு கலை இதெல்லாம்?” என்றார் அப்பா. என் பெயர் கலைச்செல்வி. “படிச்ச பொண்ணு. அவராண்ட போயி வாய் குடுத்துக்கினு.”

“உன் காலு நடுங்குதாப்பா?”

“எனக்கு இன்னா தெரியும்? வண்டி ஆடுறப்ப கால் அதும்மேலதான கீது. ரெண்டும்தான் ஆடுது.”

ஒரு வாரமாக அவர் சாப்பிட உட்காரும்போது வலது காலை நீட்டி வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு, அம்மா கவனிப்பதற்குள் மடக்கிக்கொள்வார். அவர்கள் சொன்னதை அவரே நம்பத் தொடங்கிவிட்டார். நான் அன்று கிளம்பியது சாருக்காக மட்டுமில்லை.

ஆறு மணிக்கு சார் தயாராக நின்றார். காலில் வாக்கிங் ஷூ, கையில் தண்ணீர் பாட்டில். பின்சீட்டில் இடதுபக்கம் அவருடைய இடம். நான் முன்னால் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மடியில் இருந்த பைக்குள் சொந்தமாக வாங்கிய மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் இருந்தன. டயல் கேஜ் என்பது கடிகாரம் போன்ற ஒரு கருவி. சுழலும் இரும்பின் மேல் முனையைத் தொட வைத்தால், அது கோணலாகச் சுற்றுகிறதா என்று முள் காட்டிவிடும்.

“எங்கம்மா போறோம்?”

“பிரேக் பிடிக்க ஒரு இடம் வேணும் சார். அறுபதுல போயி அழுத்திப் பிடிக்கணும். பின்னாடி யாரும் வரக்கூடாது, முன்னாடி யாரும் குறுக்க வரக்கூடாது.”

“அவ்ளோதானே” என்றார்.

அவ்வளவுதான். ஆனால் தென்சென்னையில் அப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

முதலில் கடற்கரை உட்புறச் சாலைக்குப் போனோம். பட்டினப்பாக்கத்தைத் தாண்டியதும் சாலை நேராக நீண்டு கிடந்தது. இடதுபுறம் குடியிருப்புகள், வலதுபுறம் கடல். அப்பா வேகமெடுத்தார். நாற்பதைத் தொடுவதற்குள் நொச்சிக்குப்பம் வந்துவிட்டது. படகுகள் அப்போதுதான் கரை ஏறியிருந்தன. சாலையோரம் ஐஸ் பெட்டிகளும் பிளாஸ்டிக் கூடைகளும், மீன் வாங்க வந்தவர்களின் ஸ்கூட்டர்களும். அப்பா வண்டியை ஊர்ந்து நகர்த்தினார். கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் கண்ணாடியைத் தட்டினாள்.

“இன்னா நைனா, இவ்ளோ ஸ்லோவா போற? மீன் வாங்கறியா, வண்டிய விக்கிறியா?”

“பிரேக் பாக்கறோம்க்கா.”

“பிரேக் பாக்க இதான் எடமா உனக்கு? இங்க புள்ளைங்க ஓடிக்கினு கீது. போ, போ, ஆஸ்பத்திரி வாசல்ல போயி பாரு.”

சார் பின்னாலிருந்து வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டார். கிலோ தொள்ளாயிரம் என்றாள். “கொள்ளை” என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். “ஏசி காத்துல ஒக்காந்துக்கினு சொல்லுது பாரு” என்று அவள் சொன்னது, கண்ணாடி முழுதாக ஏறுவதற்குள் உள்ளே வந்துவிட்டது. அப்பா சாலையை மட்டும் பார்த்தார்.

கலங்கரை விளக்கத்தைத் தாண்டிக் காமராஜர் சாலைக்குப் போனால் தடுப்பு வைத்திருந்தார்கள். ஏதோ ஓட்டப் பந்தயம். ஒரே நிறத்தில் பனியன் போட்ட நூற்றுக்கணக்கானவர்கள் அகலமான அந்தச் சாலை முழுக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணி வரைக்கும் வண்டியை விடமாட்டோம் என்றார் காவலர். திரும்பினோம். மயிலாப்பூருக்குள் போனால் லஸ் பக்கம் முழுக்க மெட்ரோ வேலைக்கான தகரச் சுவர். ஒரு வண்டி போகும் அகலத்தில் மாற்றுப்பாதை, வளைந்து வளைந்து மந்தைவெளியில் கொண்டுவந்து விட்டது. நூறடி நேராகப் போக வழியில்லை.

“எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல யாரும் பிரேக்கை அழுத்திப் பிடிக்கவே வேண்டாம்போல” என்றார் சார். அவர் சிரித்ததற்கு அப்பாவும் சிரித்தார். அப்பாவின் அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வீட்டில் அது வராது.

திரு.வி.க. பாலத்தில் ஏறியபோது அடையாற்றில் தண்ணீர் குறைவாக, கறுப்பாக நின்றது. “என்ன நாத்தம் இது” என்று சார் மூக்கைப் பொத்திக்கொண்டார். இதே ஆற்றில் இன்னும் மேலே போனால், கரையோரம் எங்கள் வீடு. எந்தப் பக்கம் காற்றடித்தால் எந்தச் சன்னலைச் சாத்துவது என்று எங்களுக்குத் தெரியும்.

அடையாறு பணிமனைக்கு எதிரே நிறுத்தி அப்பாவும் நானும் டீ குடித்தோம். ஒன்று பதினைந்து ரூபாய். சார் வெளியில் குடிப்பதில்லை. பிறகு சர்தார் பட்டேல் சாலையில் கொஞ்ச தூரம் போய் வலதுபக்கம் காந்தி மண்டபம் சாலையில் திரும்பினோம். இருபுறமும் மரங்கள், நடுவில் தடுப்பு, சீரான தார். முன்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை. மணி ஏழு பத்து.

*

“முதல்ல நீ ஓட்டுப்பா. எம்பதுல போ. பிரேக் தொடாதே.”

எண்பதில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஸ்டியரிங்கில் அசைவே இல்லை. சக்கரத்தின் சமநிலை கெட்டிருந்தால் பிரேக் பிடிக்காமலே ஆடியிருக்கும். அது இல்லை என்று தெரிந்தது.

“இப்ப அறுபதுல இருந்து லேசாப் பிடி.” ஒன்றுமில்லை.

“இப்ப அழுத்து.”

அப்பா கண்ணாடியில் பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு அழுத்தினார். ஸ்டியரிங் அவர் கைகளுக்குள் இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்துக்கொண்டது. முன்பக்கம் முழுவதும் குலுங்கியது. என் மடியிலிருந்த பை கீழே விழுந்தது. வண்டி நின்றதும் அப்பா முதலில் பார்த்தது தன் காலைத்தான்.

அடுத்து நான் ஓட்டினேன். அதே இடம், அதே வேகம், அதே உதறல். திரும்பிப் பார்த்தேன்.

“நீயும் அவர் பொண்ணுதானேம்மா” என்றார் சார், சிரித்துக்கொண்டே. “கால் வம்சத்துல வந்திருக்கும்.”

நான் வண்டியை ஓரம்கட்டி இறங்கினேன். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

“லைசென்ஸ் கையில இருக்கா சார்?”

“எதுக்கு?”

“உங்க கால் எங்க வம்சம் இல்லையே.”

அப்பா பதறிப்போய், “கலை, சும்மா இரு” என்றார். ஆனால் சார் இறங்கிவிட்டார். பர்ஸைத் திறந்து உரிமத்தைக் காட்டவும் செய்தார். வண்டி ஓட்டி நாலைந்து வருடம் ஆகிறது என்றார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெடல்களை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தார். அப்பா எங்கே உட்கார்வது என்று தெரியாமல் சாலையில் நின்றார். பின்சீட்டைக் காட்டினேன். பதினான்கு வருடம் துடைத்த சீட்டின் விளிம்பில், பாதி உடம்பு பட்டும் படாமலும் உட்கார்ந்தார்.

சார் அறுபதை எட்டினார். “இப்ப” என்றேன். அழுத்தினார்.

அவர் கைகள் இரண்டும் ஸ்டியரிங்கோடு சேர்ந்து துள்ளின. மூக்குக்கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்தது. வண்டி நின்ற பிறகும் பிடியை விடவில்லை. மூச்சு வாங்கினார்.

இப்போது யார் கால் சார் என்று கேட்பதற்கு ஒரு வாரமாக வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“பயப்படாதீங்க சார். மொதல்ல அப்டித்தான் இருக்கும். தண்ணி குடிங்க.”

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. நல்லவேளை, யாரும் என் பக்கம் பார்க்கவில்லை.

“இது அந்த ஏபிஎஸ்தானே?” என்றார் சார், தண்ணீர் குடித்துவிட்டு.

“இல்ல சார். சக்கரம் வழுக்கப் போறப்பதான் ஏபிஎஸ் வேலை செய்யும். பெடல்ல மட்டும் டகடகன்னு உதைக்கும். இது ஸ்டியரிங்குல வருது. வேகம் குறையக் குறைய ஆட்டமும் மெதுவாவுது, கவனிச்சீங்களா? அப்ப சக்கரத்தோட சேந்து சுத்துற ஏதோ ஒண்ணுலதான் கோளாறு. ஸ்டியரிங்குல வந்தா முன்சக்கரம். சீட்டுக்கு அடியில வந்தா பின்சக்கரம்.”

பின்சக்கரத்தை ஒதுக்குவதற்காக நானே ஓட்டி, அதே அறுபதில் போய்க் கைப்பிரேக்கை மட்டும் மெல்ல இழுத்துக் காட்டினேன். அந்த வண்டியில் அது பின்சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். ஆடாமல் நின்றது. சார் தலையசைத்தார். அதற்குப் பிறகு வம்சத்தைப் பற்றிப் பேசவில்லை. ஓட்டுநர் இருக்கையை அப்பாவிடம் விட்டுவிட்டுப் பழையபடி பின்னால் இடதுபக்கம் போய் உட்கார்ந்தார்.

*

கிண்டி வழியாக ஈக்காட்டுத்தாங்கல் ஐந்து கிலோமீட்டர். அங்கே ஒரு சந்துக்குள் பஷீர் பாயின் பட்டறை. ஞாயிறு என்பதால் அக்கம்பக்கத்து லேத் பட்டறைகள் மூடிக்கிடந்தன. பஷீர் பாய் எனக்காகத் திறந்து வைத்திருந்தார். முன்சக்கரத்து டிஸ்க் இரண்டும் பேடும் முதல் நாளே வாங்கி வைக்கச் சொல்லியிருந்தேன், தேவைப்படாவிட்டால் திருப்பித் தருவதாக.

“வாங்க ஏழுமலைண்ணே. இதான் இன்ஜினியர் பொண்ணா?” என்றவர் என் பைக்குள் எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா, ஆபரேஷன் சாமான் எல்லாம் எடுத்தாந்துகீற. அப்ப நான் போயி நர்ஸ் டிரெஸ் மாட்டிக்கினு வரேன்.”

வண்டியைத் தூக்கி இடது முன்சக்கரத்தைக் கழற்றினார். பெரிய கம்பியை விட்டு நெம்பிப் பார்த்தோம். எந்த மூட்டிலும் தளர்வு இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் அதோடு சேர்ந்து சுழலும் வட்ட இரும்புத் தட்டுதான் டிஸ்க். பிரேக்கை மிதித்தால் உள்ளேயும் வெளியேயுமாக இரண்டு பேடுகள் அதைக் கவ்விப் பிடிக்கும். தட்டு கோணலாக இருந்தாலும், கனம் இடத்துக்கு இடம் மாறினாலும் அந்தப் பிடி விட்டுவிட்டு விழும். அதுதான் ஸ்டியரிங்கில் அடிக்கும்.

“பளபளன்னு இருக்கே” என்றார் சார், குனிந்து.

வெளிமுகம் உண்மையில் பளபளவென்றுதான் இருந்தது. சர்வீஸ் சென்டர்காரர் சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்ததும் இந்த முகத்தைத்தான். டிஸ்கைக் கழற்றி, அது உட்காரும் அச்சில் டயல் கேஜை வைத்துச் சுற்றினேன். முள் நகரவில்லை. அச்சு நேராக இருந்தது. பிறகு டிஸ்கைக் கையில் எடுத்து மைக்ரோமீட்டரால் சுற்றிலும் கனம் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் அளவு விலகியது. எங்கள் ஆலையில் என்றால் அந்தத் துண்டைத் தொட்டவுடன் சிவப்புப் பெட்டியில் போட்டிருப்பேன்.

டிஸ்கைப் புரட்டினேன்.

உள்முகத்தில் கருப்பாக ஒரு தடம். பிரேக் பேடின் வடிவம் அப்படியே, முனைகளின் வளைவுகூட மாறாமல். அதன் ஓரம் நெடுகத் துரு அரித்த சின்னச் சின்னக் குழிகள். இத்தனை மாதம் ஓடியும் தேய்ந்து மறையவில்லை. வலது டிஸ்கிலும் அதே இடத்தில் அதே தடம், கொஞ்சம் மங்கலாக.

“இது ஓடுற வண்டில வராது” என்றேன். “நனைஞ்ச வண்டி நாள் கணக்கா நகராம ஒரே இடத்துல நின்னா, பேடு ஒட்டிக்கிட்டு இருக்குற எடத்துல இப்படி விழும்.”

“என் வண்டி நின்னதே இல்லையேம்மா. தினமும் கோயிலுக்கு, கிளப்புக்குன்னு ஓடுது.”

“போன மழையில எங்க நின்னுச்சு சார்?”

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா பஷீர் பாயின் சுவரில் தொங்கிய ஸ்பேனர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பெருமழை எச்சரிக்கை வந்தால் எங்கள் ஊரில் கார் வைத்திருப்பவர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிடுவார்கள். தெரு முழுகினாலும் கார் முழுகாது. போன கார்த்திகையில் சாரின் வண்டியை அப்பாதான் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தியதோடு முடியவில்லை, பார்த்துக்கொள்ளவும் சொன்னார்கள். மழை விட்டு விட்டு நான்கு நாள் பெய்தது. கொஞ்சம் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று அப்பா போனில் கேட்டதற்கு சார் சொன்ன பதிலை அம்மாவிடம் அப்பா சொல்லி நான் கேட்டிருக்கிறேன். நகர்த்தாதே, இடம் போயிடும்.

அந்த நான்கு நாளில் இரண்டாம் நாள் ஆறு எங்கள் வீட்டுக்குள் வந்தது. சமையல் மேடை வரைக்கும் ஏறியது. கேஸ் சிலிண்டர் மிதந்தது. என் சான்றிதழ்கள் இருந்த பையை அம்மா தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தாள். நான் அரிசி டிரம்மை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். அப்பா பாலத்தின் மேலிருந்து போன் செய்தார். அம்மா தண்ணீர் வந்ததைச் சொல்லவில்லை. “இங்க வண்டி பத்திரமா கீது” என்றார் அப்பா.

வண்டி பத்திரமாக நின்றதன் தடம் இதோ என் கையில் இருந்தது.

“மழைக்கு யார் என்ன பண்ண முடியும்” என்றார் சார் கடைசியில்.

“ஆமா சார்” என்றார் அப்பா.

பஷீர் பாய் என் கையிலிருந்த டிஸ்கை வாங்கி, தரையில் சத்தம் வரும்படியாகப் போட்டார். அவர் பங்குக்கு அவ்வளவுதான் அவரால் பேச முடிந்தது. பிறகு புதியவற்றை மாட்டினார். டிஸ்க் இரண்டு, பேடு ஒரு செட், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து ஐந்நூறு. சார் ஐந்நூறு குறைக்கச் சொன்னார். பஷீர் பாய் குறைக்கவில்லை.

*

திரும்பும்போது பத்து மணி தாண்டிவிட்டது. கிண்டியில் ஒரு ஷேர் ஆட்டோ சைகை காட்டாமல் இடதிலிருந்து எங்கள் முன்னால் பாய்ந்தது. அப்பா அழுத்தினார். வண்டி தண்ணீரில் கல் இறங்கியதுபோல் நேராக, ஆடாமல் நின்றது. ஸ்டியரிங்கைப் பார்த்தேன். அப்பாவின் காலைப் பார்த்தேன். இரண்டும் அசையவில்லை. அப்பாவும் தன் காலைப் பார்த்துவிட்டு, நான் பார்ப்பதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் உதட்டோரம் ஏதோ இருந்தது.

பின்சீட்டில் சாரின் போன் கீழே விழுந்திருந்தது.

“பாத்து ஓட்டு ஏழுமலை” என்றார்.

அவர் வீட்டு வாசலில் இறங்கினோம். நான் காத்திருந்தேன். ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தேன். எனக்கு வேண்டாம், அப்பாவிடம். அவர் என்னைப் பார்த்து, “நல்லா படிச்சிருக்கேம்மா” என்றார். அப்பாவைப் பார்த்து, “நாளைக்கு வழக்கம்போல ஏழு மணிக்கு வந்துடு” என்றார். கேட்டைத் தாண்டிப் போனவர் நினைவு வந்ததுபோல் நின்று திரும்பினார்.

“இந்த வருஷம் மழைக்கு முன்னாடியே போய் நல்ல இடமாப் புடிச்சிடணும். போன தடவை ஓரத்துல தள்ளிட்டாங்க.”

“சரிங்க சார்” என்றார் அப்பா.

பஸ்ஸில் சைதாப்பேட்டை வரைக்கும் சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். உறுதியான கால் என்று நிரூபித்து, அதே காலை அதே பாலத்துக்கு அனுப்பிவைப்பதற்குத்தானா இத்தனையும்? அவர் வீட்டு மதில் சுவர் வெள்ளையாக இருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவரில் இடுப்பளவில் ஒரு கோடு இருக்கிறது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் அது மேலே வந்துவிட்டது.

*

இப்போது ஐப்பசி. நேற்று மாலையிலிருந்து கைபேசியில் மழை எச்சரிக்கை வந்தபடி இருக்கிறது. இன்று காலை நானும் அப்பாவும் பீரோவைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். அம்மா அடியில் செங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் போன் அடித்தது. அவருடைய இரண்டு கையும் பீரோவுக்கு அடியில். நான் ஒரு கையை விடுவித்து எடுத்தேன்.

“ஏழுமலை எங்கம்மா? உடனே வரச் சொல்லு. பாலத்துல இடம் போயிடும்.”

“அப்பா வீட்டுல வேலையா இருக்கார் சார். இன்னிக்கு வரமாட்டார். வண்டி நல்லா இருக்கு. லைசென்ஸ் உங்க பர்ஸ்லயே இருக்கு. நீங்களே ஓட்டிட்டுப் போங்க. ஒண்ணு மட்டும், ஒரே இடத்துல நிறுத்தி வைக்காதீங்க. தினமும் கொஞ்சம் முன்ன பின்ன நகத்துங்க. இல்லன்னா மறுபடியும் ஆடும்.”

அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டேன்.

“இன்னா கலை, இப்டி சொல்லிட்ட” என்றார் அப்பா. திரும்பக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அம்மா கையில் செங்கல்லோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பீரோவுக்கு அடியில் பிடியை மாற்றிக்கொண்டார். பிறகு, “உன் பக்கம் தூக்கு” என்றார். தூக்கினோம்.

இந்த வேலை போய்விடும் என்று எனக்குத் தெரியும். போன வாரமே எங்கள் ஆலைக்கு வேன் விடும் ஒப்பந்தக்காரரிடம் அப்பாவின் உரிமத்தின் நகலைக் கொடுத்துவிட்டேன். வயதைப் பார்த்துவிட்டு, கை கால் எல்லாம் திடமாக இருக்கிறதா என்று கேட்டார். என் வாக்கையும் நம்ப வேண்டாம், அப்பாவின் வாக்கையும் நம்ப வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை காலை நீங்களே பக்கத்தில் உட்காருங்கள், அறுபதில் போகும்போது அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.